பூசைக்குப் பழையது, புது வருஷத்துக்குப் புதுசு

பர்மாவில் உள்ள பெகுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, டிசம்பர் வந்தாலே கடைக்காரர்களுக்குத்தான் பண்டிகை. மரம், சாண்டா, கேக், தள்ளுபடி. இயேசு பிறந்த கதை எங்கேயோ மூலையில் கிடக்கிறது. எங்கள் ஜெபக்கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்ய வரும் ஊழியர், டிசம்பர் 25 என்பதே வேதத்தில் இல்லை, ஸ்டார்கூடக் கட்டாதீர்கள் என்கிறார். ஸ்டார் கட்டாமல் எப்படி என்று அம்மாவுக்கு வருத்தம். என்ன செய்யலாம்?"

தம்பி, நான் ரங்கூன்காரன். எழுபது தாண்டிவிட்டது. கத்தோலிக்கக் குடும்பம், வீட்டுக்கு வந்த மருமகள் பாப்டிஸ்ட். அதனால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் வருஷா வருஷம் நடக்கிறது. இதைப் பற்றிப் படித்ததும் உண்டு, பட்டதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் தேதி. ஊழியர் சொல்வது சரிதான், வேதத்தில் டிசம்பர் 25 இல்லை. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பைச் சொல்கிறார்கள், மாதத்தைச் சொல்லவில்லை. அந்தத் தேதியைச் சொல்லும் மிகப் பழைய எழுத்து 354ஆம் ஆண்டில் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டி. அதிலுள்ள பட்டியல் 336 வாக்கில் எழுதியது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஏன் அந்த நாள் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. 274ல் அவுரேலியன் பேரரசன் ரோமில் சூரிய வழிபாட்டைப் பெரிதாக நிலைநாட்டினான், அந்த விழாவின் மேல் சபை தன் விழாவை வைத்தது என்பது ஒன்று. மார்ச் 25ஐ இயேசு கருவான நாளாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறார்கள்.

ரங்கூன் வந்தால் போ அவுங் ஜோ தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். பழைய ஆட்கள் ஸ்பார்க்ஸ் தெரு என்பார்கள். அங்கே செங்கல் கோபுரங்களோடு புனித மரியாள் பேராலயம் நிற்கிறது. அதே தெருவில் 1862ல் கட்டிய சின்ன அர்மேனியக் கோயிலும் இருக்கிறது. பேராலயத்தில் பிறப்பு டிசம்பர் 25. அர்மேனியர் வழக்கத்திலோ ஜனவரி 6. ஒரே தெருவில் இரண்டு தேதி. அதனால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடவில்லை.

தேதி வேதத்தில் இல்லை என்று பண்டிகையையே நிறுத்திப் பார்த்தவர்களும் உண்டு. 1647ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் தடை செய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659ல் கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டது, 1681ல் அதை எடுத்துவிட்டது. அவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் சனங்கள் பண்டிகையை விடவில்லை. அம்மா வருத்தப்படுவதும் இதே இடத்தில்தான்.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். சாண்டாவைக் கொக்கக்கோலா கம்பெனி கண்டுபிடித்தது என்று வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றுகிறது. அது அவ்வளவு சரியில்லை. 1931 முதல் ஹாடன் சண்ட்ப்ளோம் என்ற ஓவியர் அந்தக் கம்பெனி விளம்பரத்துக்கு வரைந்த படங்கள் அந்த முகத்தை உலகமெங்கும் பரப்பின, அது உண்மை. ஆனால் 1863லிருந்தே தாமஸ் நாஸ்ட் என்பவர் அமெரிக்கப் பத்திரிகையில் சாண்டாவை வரைந்துவந்தார். சிவப்பு உடுப்பும் கொக்கக்கோலாவுக்கு முந்தியதுதான்.

அதற்கும் பின்னால் போனால் ஒரு மனிதர் நிற்கிறார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மீரா என்ற ஊரின் ஆயர் நிக்கோலாஸ். அவரைப் பற்றிய கதை நம் சனங்களுக்கு விளக்கமே தேவைப்படாத கதை. ஓர் ஏழைக்கு மூன்று பெண் பிள்ளைகள். சீர் கொடுக்க வழியில்லை. வழியில்லாவிட்டால் அந்தப் பெண்கள் கெட்ட இடத்துக்குத்தான் போக வேண்டும். நிக்கோலாஸ் ராத்திரியில் போய், ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பைப் போட்டுவிட்டு வந்தார். மூன்று பெண்ணுக்கும் மூன்று தடவை. ராத்திரியில் ஏன் போனார்? வாங்குகிறவன் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காக. இன்று பிள்ளைகள் தூங்கும்போது பரிசு வைக்கிறோமே, அதன் வேர் இதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்மஸ் கார்டு அச்சடித்தார். ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கும் வந்தது. கிறிஸ்மஸ் விற்பனைச் சரக்கானதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கார்டில் இருக்கும் படத்தைக் கவனியுங்கள். நடுவில் ஒரு குடும்பம் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறது. இரண்டு ஓரத்திலும் ஏழைகள்: ஒரு பக்கம் பசித்தவருக்குச் சோறு, இன்னொரு பக்கம் உடுப்பில்லாதவருக்குத் துணி. விற்ற முதல் கார்டிலேயே அவர்களுக்கு இடம் இருந்தது. பிறகு வந்த கார்டுகளில் ஓரங்கள் மெல்ல மறைந்து நடுவிலிருந்த குடும்பம் மட்டும் மிஞ்சிவிட்டது. எனக்கு வியாபாரத்தின் மேல் இருக்கும் வருத்தம் அவ்வளவுதான். கடை வைத்துப் பிழைப்பதில் தப்பில்லை. வெளியே போய்க்கொண்டிருந்த கொடை திரும்பி நம் வீட்டுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்ததுதான் தப்பு. அப்பா பிள்ளைக்குக் கொடுக்கிறார், பிள்ளை அம்மாவுக்குக் கொடுக்கிறது, அண்ணன் தங்கைக்குக் கொடுக்கிறான். கதவு சாத்தியே இருக்கிறது.

கடைக்காரர்கள் அரசியலையும் அசைக்க முடியும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். 1939ல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், நன்றியறிதல் நாளை ஒரு வாரம் முன்னால் தள்ளினார். அந்த விடுமுறைக்குப் பிறகுதான் கிறிஸ்மஸ் வியாபாரம் சூடு பிடிக்கும், விற்க இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டதுதான் காரணம்.

இனி நான் கண்ணால் கண்டது. "கடைகளெல்லாம் இல்லாவிட்டால் கிறிஸ்மஸ் பரிசுத்தமாகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். தம்பி, நாங்கள் அப்படி ஒரு கிறிஸ்மஸைக் கொண்டாடியிருக்கிறோம். ஒன்றல்ல, இருபது வருஷத்துக்கு மேல்.

அப்பா மொகல் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். 1964 மார்ச் 19 அன்று ரங்கூனில் கடைகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். அந்த மே மாதமே ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. முதலாளி குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். எங்கள் வரிசையில் பாதி வீடு காலியானது. 1966ல், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டு மிஷனரிகளும் வெளியேற வேண்டியதாயிற்று. எனக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும்.

அந்த வருஷ டிசம்பரில் விளம்பரம் இல்லை, தள்ளுபடி இல்லை, சாண்டா இல்லை. அரசாங்கத்தின் மக்கள் கடையில் அட்டைக்கு அளந்து கொடுக்கும் துணிதான். அந்த வருஷங்களில் நல்லது நிறைய இருந்தது, அதை மறைக்க மாட்டேன். குடிலுக்கு வைக்கோல் தேடி நாங்கள் பொடியன்கள் ஆற்றைக் கடந்து தலா பக்கம் போவோம். பலகாரத் தட்டு வீடு வீடாகப் போகும். வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது அல்லவா? அதனால் பதிலுக்கு ஒரு பிடி சீனி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு தீப்பெட்டி தட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டு மொய்யைவிட அந்தத் தீப்பெட்டிக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. தாய்லாந்து எல்லை வழியாகக் கள்ளச் சரக்காக நைலான் துணி வரும். யார் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நைலான் கவுன் கிடைத்தது என்பதுதான் பூசை முடிந்து படியிறங்கும்போது பேச்சு. முழு நகரத்திலும் கடை இல்லாதபோதும் ஒரு கஜம் துணி எங்களைப் பிரித்தது.

அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தார், கால் மிஷின். அப்பாவுக்கு வேலை போன பிறகு அதுதான் சோறு போட்டது. டிசம்பர் வந்தால் விளக்குத் திரியைத் தாழ்த்திவைத்து விடியும்வரை தைப்பார். எங்களை வளர்த்ததே கிறிஸ்மஸ் வியாபாரம்தான், அதனால் அதைத் திட்ட எனக்கு வாய் வராது. கோயிலுக்கு ஒழுங்காக வரும் ஒரு குடும்பம் அந்த வருஷம் நடுச்சாமப் பூசைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு உண்மை தெரிந்தது. பெண் பிள்ளைகளுக்குப் புதுத் துணி இல்லை, அதனால் வரவில்லை.

அம்மா அடுத்த வருஷம் முழுக்கத் துண்டு சேர்த்தார். ஒவ்வொரு சட்டை வெட்டும்போதும் ஒரு சாண், அரைச் சாண் மிஞ்சும். அதை ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார். டிசம்பரில் அத்தனையும் கூட்டித் தைத்து, ஒட்டுத் தெரியாமல் வளைவு லேஸ் வைத்து மறைத்து, இரண்டு பாவாடை முடித்தார். இருட்டினதும் என்னிடம் கொடுத்து அந்த வீட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு ஓடி வரச் சொன்னார். நானும் மாட்டிவிட்டு ஓடி வந்தேன்.

விடிந்ததும் பொட்டலம் எங்கள் வாசலில் கிடந்தது. அந்த அம்மாவும் துணி தெரிந்தவர். எந்தத் துண்டு யார் வீட்டுச் சட்டை என்று அவரால் சொல்ல முடிந்திருக்கிறது. "என் பிள்ளைகள் நாலு வீட்டு மிச்சத்தைக் கட்டிக்கொண்டு சாமி முன்னால் நிற்காது அக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று மிஷினைத் தொடவில்லை. மத்தியானம் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார். தைத்துவைத்திருந்த எங்கள் புதுத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "பூசைக்குப் பழையது. புதுசு புது வருஷத்துக்கு" என்றார். தங்கை அழுதாள். அழுதுகொண்டேதான் துவைத்த பழைய கவுனில் கோயிலுக்கு வந்தாள்.

அந்த வருஷம் எங்கள் ஒரு வீடுதான். அடுத்த வருஷம் மூன்று வீடு. நாலைந்து வருஷத்தில் எங்கள் வரிசையில் யாருக்குத் துணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நடுச்சாமப் பூசையில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் குடும்பமும் வந்தது, எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால். அம்மா நிக்கோலாஸ் கதையைப் படித்தவர் இல்லை. ஆனால் கொடுப்பதிலும் மற்றவரைச் சிறுமைப்படுத்த முடியும் என்று அந்த வாசலில் கிடந்த பொட்டலம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

இப்போது பிறப்பின் பொருளுக்கு வருகிறேன். இதைப் பர்மாத் தமிழனைவிட யாரும் நன்றாகப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். லூக்கா அந்தக் கதையை எங்கே தொடங்குகிறார் பாருங்கள். தேவதூதர் பாட்டில் இல்லை, நட்சத்திரத்திலும் இல்லை. அகுஸ்து ராயன் குடிமதிப்பு எழுதச் சொன்னான் என்று தொடங்குகிறார். பதிவு! நிறைமாதப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பதிவுக்காக ஊர் விட்டு ஊர் போகிற ஒரு தச்சன். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இளஞ்சிவப்பு அட்டையா, நீலமா, பச்சையா என்று தாத்தாவின் பழைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு யோசேப்பு யார் என்று பிரசங்கம் வைக்க வேண்டியதில்லை.

அடுத்து, தங்க இடமில்லை. பழைய மொழிபெயர்ப்பில் சத்திரம், முன்னணை என்று வரும். புதிய கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் விடுதி, தீவனத் தொட்டி. எனக்குப் பழையதே பிடிக்கும், பழக்கம். ஆனால் தீவனத் தொட்டி என்று வாசிக்கும்போதுதான் மாட்டின் வாய் பட்ட மரம் கண்ணில் வருகிறது. 1223ல் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் முதல் குடில் வைத்தபோது நிஜ மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்தார். சனங்கள் அந்த நாற்றத்தோடு அதைப் பார்க்கட்டும் என்றுதான் வைத்தார் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு அடுத்தது, மத்தேயு சொல்வது: குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓட்டம். 1941 டிசம்பர் 23 செவ்வாய்க்கிழமை, ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் செத்தார்கள், துறைமுகத்தில் கூலி வேலை செய்த நம் சனங்கள் நிறைய. மறுபடியும் குண்டு விழுந்தது எந்த நாளில் தெரியுமா? டிசம்பர் 25. என் தாத்தா அந்தக் கிறிஸ்மஸ் அன்று மூட்டை கட்டினார். புரோம் வரை நடை, அங்கிருந்து தவுங்குப் கணவாய் வழியாக அக்யாப். அப்பாவுக்கு அப்போது பதினெட்டு. கைக்குழந்தையாக இருந்த அத்தை வழியில் போய்விட்டாள். அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக இந்தியாவுக்கு நடந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். யுத்தம் முடிந்து அப்பா திரும்பி வந்தார். சாகும்வரை டிசம்பர் 25 காலையில் அவர் சாப்பிட மாட்டார். விருந்து மத்தியானம்தான். எங்கள் வீட்டில் அது இன்றும் வழக்கம்.

பண்டிகைக்குள் இதெல்லாம் இருக்கிறது, தம்பி. தள்ளுபடி விளம்பரத்தால் இதை எடுத்துவிட முடியாது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால்தான் இது போகும்.

ரங்கூனில் ஸ்காட் மார்க்கெட் பக்கத்தில், 2017ல் திறந்த ஜங்ஷன் சிட்டி என்ற பெரிய மால் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் ஆங்கிலிக்கன் திருத்துவப் பேராலயம். அதை வரைந்தவர் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய அதே சிஷோம். டிசம்பரில் மாலுக்குள் பெரிய மரம் வைத்திருப்பார்கள், இளம் பிள்ளைகள் போட்டோ எடுப்பார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் புத்தப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். 2014 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர்தானே. அந்தப் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும். வெளிச்சம் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்கள் நம் விசுவாசத்தைக் கெடுக்கவில்லை, மாலும் கெடுக்கவில்லை. மால் கோயில் வேலை செய்வதாகச் சொல்லவே இல்லையே.

அந்தப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கார்த்திகை வாக்கில், பிக்குகளுக்குத் துணி கொடுக்கும் கதெய்ன் காலம் வரும்போது பகோடாக்களிலும் ஆபீஸ்களிலும் பதேத்தாபின் வைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். மரச் சட்டத்தில் செய்த மரம். நம் கற்பக மரம்தான் அது. அதில் விசிறி மாதிரி மடித்த நோட்டு, துவாலை, சோப்பு, குடை, தட்டு என்று தொங்கவிடுவார்கள். தெருவே சேர்ந்து தொங்கவிடும். பிறகு ஊர்வலமாகக் கொண்டுபோய் முழு மரத்தையும் மடத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். அந்த மரத்தில் வீட்டுப் பிள்ளைக்கென்று ஒரு மிட்டாய்கூட இருக்காது. நம் வீட்டுக் கிறிஸ்மஸ் மரத்தின் கீழ் இருப்பதோ முழுக்க நம் பிள்ளைகளின் பெயர் எழுதிய பொட்டலம். பர்மியர்கள் கொடையை அலு என்பார்கள். கரேன், சின் இனத்தாரின் கிராமங்களில் கிறிஸ்மஸ் அன்று யார் வந்தாலும் சோறு போடுவதைப் பார்த்து, "இது உங்கள் அலு" என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை சொன்னார். அவருக்குச் சட்டென்று புரிந்தது, எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது.

எங்கள் மருமகள் வந்த பிறகு வீட்டில் மரம் வைக்கிறோம், மறுப்பில்லை. ஆனால் வீட்டு ஆள் பெயரில் எதையும் அதில் தொங்கவிடுவதில்லை. 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த டிசம்பரில், மண்டலேயில் வீடு இடிந்த ஒரு சொந்தக்காரக் குடும்பத்துக்காக மரம் முழுக்கப் போர்வையும் பாத்திரமும் தொங்கியது. பேரன் தன் பங்குக்கு ஒரு டார்ச் லைட் கட்டினான். வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணி உண்டு, ஜனவரி 1 அன்று.

ஊழியரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தேதி விஷயத்தில் அவர் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள், அர்மேனியர் கதையையும் சொல்லுங்கள். கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது உண்டியல் குலுக்கும் வீட்டுக்கு மட்டும் போகாமல், ஒன்றும் கொடுக்க முடியாத வீட்டிலும் அதே இரண்டு பாட்டை முழுதாகப் பாடச் சொல்லுங்கள். பெகு பக்கம் நம் ஆட்கள் எத்தனை பேர் வயல் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்டார் கட்டுங்கள், அம்மா சந்தோஷப்படட்டும். கடையில் வாங்க வேண்டியதில்லை. மூங்கிலை ஒரு விரல் அகலத்துக்குப் பிளந்து, முழ நீளத்தில் பத்துக் குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரம் வரும். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனையையும் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். உள்பக்க ஐந்து சந்திப்பிலும் நாலு விரல் நீளத்தில் ஒவ்வொரு குச்சி முட்டுக் கொடுத்தால் நடுவில் உப்பி நிற்கும். பட்டத் தாளைக் கஞ்சிப் பசையில் ஒட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் கை நுழைய வழி விடுங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் மெழுகுவர்த்தி வைத்து இரண்டு ஸ்டாரை எரித்திருக்கிறோம். இப்போதுள்ள மின்வெட்டுக்கு பாட்டரி பல்பு வைப்பதுதான் நல்லது. வாசலில் உயரமாகக் கட்டுங்கள், தெருமுனையிலிருந்து வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.